மாப்பிள்ளைக்கு ஓர் ஆயுதச் சோதனை

ஒரு விஷயத்தை முழுதாகத் தெரிந்தவரால் யாருக்கும் தொல்லையில்லை. ஒன்றுமே தெரியாதவராலும் இல்லை. இரண்டு வாரம் மட்டும் படித்தவர் இருக்கிறாரே, அவரைத்தான் அறையில் போட்டுப் பூட்ட வேண்டும். என்னை யாரும் பூட்டவில்லை. அதனால் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று நானும் கூடத்தில் இருந்தேன்.

அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். கோடை விடுமுறைக்கு டெல்லி ஆய்வு நிறுவனம் ஒன்றில், ஆயுதப் பரவல் தடுப்பு பற்றி இன்டர்ன்ஷிப் கிடைத்தது. டெல்லி என்று பெயர்தானே ஒழிய, வேலை முழுக்கப் படப்பை வீட்டு மாடியில், லேப்டாப்பில். அம்மா தெரு முழுக்க, "எங்க மாலு அணுகுண்டு வேலை பாக்கறா" என்று சொல்லி வைத்தாள். (குண்டு செய்யாமல் தடுக்கிற வேலை என்று திருத்தினேன். "ஏதோ ஒண்ணு, குண்டுதானே" என்றாள்.)

வழிகாட்டி மேடம் முதல் இரண்டு வாரம் பாடம் எடுத்தார். பம்பு, வால்வு, உலோகத்தைத் துல்லியமாகச் செதுக்கும் இயந்திரம் எல்லாம் நல்ல காரியத்துக்கும் ஆகும், ஆயுதம் செய்யவும் ஆகும். ஆகவே யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள், சொல்லும் கதையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "உங்கள் பகுதி முழுக்கத் தொழிற்சாலைதானே, கவனித்து எழுதுங்கள்" என்றும் சொல்லிவிட்டார். போதாதா? ஒரகடம் சாலையில் போகிற கண்டெய்னர் லாரிகளை எல்லாம் முறைக்க ஆரம்பித்தேன். ஷேர் ஆட்டோவில் மடியில் குழாய் வைத்திருந்தவரிடம், "இது எதுக்கு?" என்று விசாரித்தேன். "பாத்ரூமுக்கும்மா" என்றார். நான் நம்பவில்லை.

இந்த நிலைமையில்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை தினேஷ், குன்றத்தூர்க்காரர். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். அக்கா சுகன்யாவுக்கு ஒரகடத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. தூரத்து உறவு அத்தை ஒருத்தி கொண்டுவந்த சம்பந்தம் இது. அப்பாவுக்குக் காதல் கல்யாணம் என்ற பேச்சே ஆகாது. ஜாதகம், பூ, பழத்தட்டு என்று எல்லாம் முறையாக வந்ததில் அவருக்கு ஏகத் திருப்தி. வந்த வரன்களை எல்லாம் தட்டிக்கழித்த அக்கா, இதற்கு மட்டும் போட்டோவைக்கூடப் பார்க்காமல் தலையாட்டினாள். இது கைவிட்டுப் போனால் இவள் இனி யாருக்கும் தலையாட்ட மாட்டாள் என்று அம்மாவுக்குக் கவலை.

கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் வந்தாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா தாராளமாகச் சொன்னார்: "பொண்ண நாங்க இன்னா கேக்கறது? நீங்க புள்ளைய இன்னா வேணா கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. சபை மரியாதைக்குச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். நான் கேட்டேன்.

"உங்க கம்பெனியில நீங்க என்ன மெஷின் பாக்கறீங்க?"

"ஃபைவ் ஆக்சிஸ் மெஷினுங்க."

எந்தக் கோணத்திலும் திரும்பித் திரும்பிச் செதுக்குகிற இயந்திரம். மேடத்தின் பாடத்தில் சிவப்பு எழுத்தில் வந்த அதே பெயர்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அதுல செய்யற பார்ட் யாருக்குப் போகுது?"

"கஸ்டமர் பேர் வெளிய சொல்லக் கூடாதுங்க."

(ஆகா!) "ஷிஃப்ட் முடிஞ்சப்புறம் அந்த மெஷினை யார் தொடுவாங்க?"

"யாரும் தொட மாட்டாங்க. அஞ்சரைக்கு ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் கிளம்பிடுவோம்."

அவர் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அடக்கமா சொல்றாம்மா. தினம் ஓ.டி., ஓவர்டைம் பாத்துக்கினு வூட்டுக்கு வரவே ஒம்பது ஆயிடும். ரெண்டு வருசமா இதே கதைதான். அவ்ளோ உழைப்பாளி!"

அணு உலைகளைச் சோதிக்கப் போகிறவர்கள், கணக்கில் வராத யுரேனியத்தைத் தேடுவார்களாம். எனக்குக் கணக்கில் வராத ஒரு மாலைப்பொழுதே கிடைத்துவிட்டது.

"மெஷின் ஆஃப்னு நீங்க சொல்றீங்க, ஓ.டி.ன்னு உங்க அப்பா சொல்றாரு. எது உண்மை? அந்த நேரத்துல ரகசியமா என்ன செய்யறீங்க?"

"மாலு, உள்ள போய் தண்ணி கொண்டா" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. சோதனை செய்பவரை அப்புறப்படுத்தப் பார்ப்பார்கள் என்று மேடம் எச்சரித்திருந்தார். நான் அசையவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா மகன் பக்கம் திரும்பினார். "இன்னாடா, ஓ.டி. இல்லியா? அப்போ தினம் எங்கடா போற?"

தினேஷ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "படப்பைக்கு வருவேம்பா."

"படப்பைல இன்னா கீது?"

தினேஷின் பார்வை அக்காவிடம் போய் நின்றுவிட்டது. அம்மா நிலைமையைச் சமாளிக்க நினைத்து, "வேலைன்னா அப்படித்தாங்க. எங்க சுகன்யாவுக்கும் ரெண்டு வருசமா ஓ.டி.தான், அவளும் அந்நேரத்துக்குத்தான்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். (சம்பந்தம் கொண்டுவந்த அத்தை கடித்த பஜ்ஜியை விழுங்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.)

அப்பா எழுந்து வெளியே போனார். பின்னாலேயே மாப்பிள்ளையின் அப்பாவும் போனார். அக்கா அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. உலகத்தில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் இருந்து தொலையட்டும், அக்கா கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று ஜன்னலோரம் போய் நின்றேன்.

வாசல் கேட் அருகே இருவரும் நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் பேசினார். "ரெண்டு வருசமா ஏமாத்திக்கினு இருந்துருக்கான் சார். களைச்சு வரானேன்னு நான் எழுந்து தோசை ஊத்துவேன்."

"நான் மட்டும் என்ன சார்?" என்றார் அப்பா. "கால் வலின்னு வந்து உக்காருவா. சுடுதண்ணி வெச்சுக் குடுத்தேன்."

ஏமாந்த இருவர் அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது ஒருவர் தோளில் மற்றவர் கை இருந்தது. அப்பா நடுக்கூடத்தில் நின்று அறிவித்தார்: "காதல் கல்யாணத்துக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். ஆனா அவங்க முறையா வந்து பொண்ணு பாத்துட்டாங்க. அதனால இது காதல் கல்யாணம் இல்ல. தேதி பாருங்க."

"சீக்கிரமா பாருங்க" என்றார் சம்பந்தி. "அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் ஓ.டி. கெடையாது."

மேடத்திடம் இதைச் சொன்னபோது வெகு நேரம் சிரித்தார். கேட்ட முறை சரிதானாம், கேட்ட இடம்தான் தப்பாம்.

தினேஷ் மாமா இன்றும் வீட்டுக்கு வரத் தாமதமானால் அக்காவைக் கூப்பிடுவதில்லை. எனக்குத்தான் போன் வரும். "மாலு, டிராஃபிக்ல மாட்டிக்கினேன். ஹாரன் சத்தம் கேக்குதா? குறிச்சுக்கோ."

நான் இப்போது வீட்டிலிருந்தே சென்னைக்குப் போய்வந்து முதுகலை படிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா சாதாரணமாகக் கேட்டார்: "தினம் லைப்ரரி, லைப்ரரின்னு லேட்டா வர்றியேம்மா, அந்த லைப்ரரிய எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

எனக்குப் புரையேறியது. அக்கா தண்ணீர்ச் சொம்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். மாமா தட்டை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"பொறுமையா சொல்லும்மா" என்றார். "எங்களுக்கு நேரம் கீது."