கழுதைப் படம் போட்ட இசைத்தட்டு

அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்தில் இசை விழா மேடை ஏற இரண்டு சான்றிதழ் வேண்டும். பழமை கெடவில்லை என்று ஒன்று, புதுமை இருக்கிறது என்று இன்னொன்று. காலையில் பழமைக்கும் மதியம் புதுமைக்கும் அதிகாரி ஹோபர்ட் ஸ்லோன்தான். சாப்பிட்டு வந்து நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்வார்.

பாஞ்சோ வாசிக்கும் வெர்னாவுக்கு இருபது வருஷமாக அந்த மேடைமேல் ஆசை. கோழி இறைச்சி ஆலையில் தன்னோடு வேலை பார்க்கும் ராமிரோவின் அக்கார்டியனையும் சேர்த்து, புளூகிராஸ் என்கிற அந்த மலைநாட்டுப் பாட்டில் இசைத்தட்டு ஒன்று போட்டு, காலையில் கொண்டுபோனாள்.

"புளூகிராஸ்ல அக்கார்டியனா? உங்க அப்பா கேட்டா என்னம்மா ஆவாரு?" என்றார் ஸ்லோன். அந்நியக் கலப்பு காரணமாக அனுமதி மறுக்கப்பட்டது.

மதியம் போனாள்.

"வெறும் பாஞ்சோவா இருக்கே. புதுசா ஒண்ணுமே இல்லையே!"

"காலைல நீங்கதானே அண்ணே கலப்புன்னீங்க?"

"காலைல இருந்த அதிகாரியைப் பத்தி நான் கருத்து சொல்றதில்லம்மா. வேணும்னா அவருக்கு எழுதிக் கொடு. பதினஞ்சு நாள்ல பதில் வரும்."

விழாவுக்கு எட்டே நாள். வெர்னா அதே தட்டுக்கு இரண்டு விதமாக மேலட்டை அச்சடித்தாள். ஒன்றில் பழுப்பு நிறத்தில் ஒரு கழுதை. மற்றதில் ஊதா வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட ராமிரோ.

காலையில் கழுதையைப் பார்த்ததும் ஸ்லோனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தக் காலத்து சர்ச் ஆர்மோனியம் மாதிரியே இருக்கும்மா!" மதியம் ராமிரோ படத்தைப் பார்த்து மேசையைத் தட்டினார். "பாஞ்சோவை இப்படி வாசிக்கத் துணிச்சல் வேணும்!" இரண்டிலும் முத்திரை விழுந்தது.

சனிக்கிழமை வெர்னா மேடையேறினாள். கூட்டம் ஆடித் தீர்த்தது. பிறகு புல்வெளியில் இரண்டு அட்டையிலும் தட்டு விற்றது; எது உசத்தி என்று கழுதைக் கட்சியும் கண்ணாடிக் கட்சியும், கையில் ஆளுக்கொரு தட்டோடு, அடிதடி வரைக்கும் போய்விட்டன. ஸ்லோன் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நான் ரெண்டையும் வாங்கிட்டேன். வெளியே சொல்லாத. கழுதைப் படம் போட்டதுலதான் உன் பாஞ்சோ நல்லா விழுந்திருக்கு."

வெர்னா வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, ஓடிப்போய் ராமிரோவிடம் சொன்னாள்.

ராமிரோ சிரிக்கவில்லை. "அந்த ஆளு சொல்றது சரிதான். அட்டை போட்டுக் கேட்ட அன்னிக்கே எனக்கும் பட்டுச்சு. நீ வருத்தப்படுவியேன்னு சொல்லல."

"லூசு! ரெண்டும் ஒரே தட்டுடா!" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போன வெர்னா, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டுமென்றால், கழுதைப் படத்தில் அவள் வாசிப்பு ஒரு மாற்று உயர்வாகத்தான் இருந்தது.