வளைகாப்புக்கு வந்த பிரஷர் மிஷின்

கீரப்பாளையம்

அன்புள்ள மச்சான் திருநாவுக்கரசு அவர்களுக்கு, மணவாளன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை லோகநாயகியும் நலம். இப்போதெல்லாம் நலமாக இருப்பதற்கும் எங்கள் ஊர் சுகாதார நர்சு ஜான்சியிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மருமகள் சத்யப்பிரியா மாசமானது எங்களுக்குத் தெரிந்த மறுநாளே இந்த அம்மாளுக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தியவர்தான், அதிலிருந்து எங்கள் வீட்டை அரசாங்கமே எடுத்து நடத்துகிறது. நான் ஆசையாகக் குங்குமப்பூ வாங்கி வந்தால், “குடிக்கட்டும் சார், ஆனா நெறமெல்லாம் வராது. கீரையும் முட்டையும் குடுங்க” என்கிறார். சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுத்துவிடும் என்று உங்கள் தங்கை அதையெல்லாம் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டுவந்தாள். ஜான்சி மருமகளின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு முறை முறைத்ததில், இவள் தானாகவே உண்மையைக் கக்கிவிட்டாள். “செடிக்கு ரத்தம் நல்லா ஊறியிருக்கும், பொண்ணுக்குதான் ஊறல” என்று என் எதிரிலேயே சொன்னார். கொல்லையில் நான் இழுக்கும் பீடிகூடத் தப்பவில்லை. “அந்தப் பொகை வயித்துல இருக்கற கொழந்த வரைக்கும் போவும் சார்” என்றார். இப்போது வாய்க்கால் மதகு வரை நடந்துபோய்ப் பிடிக்கிறேன். இந்த வயதில் எனக்கும் நடைப்பயிற்சி ஆகட்டும் என்ற நல்லெண்ணம் போலும்.

இதெல்லாம் போகட்டும், வளைகாப்பன்று நடந்ததைக் கேளுங்கள். நீங்கள் வர முடியாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம். சிதம்பரத்திலிருந்து சம்பந்தி சுப்பிரமணியன் சீர்த்தட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். மரியாதைக்கு நான் அழைத்த ஜான்சி வளையல் போடக் குனிந்தவர், போடாமல் சத்யப்பிரியாவின் முகத்தையே பார்த்தார்.

“மூஞ்சி ஏம்மா இப்டி உப்பியிருக்கு? தலை வலிக்குதா?”

“காலைலேர்ந்து வலி சிஸ்டர். கண்ணுகூட மங்கலா தெரியுது. விசேஷம் முடியட்டும்னு சொல்லல.”

சந்தனக் கிண்ணம் இருந்த இடத்துக்குப் பிரஷர் மிஷின் வந்துவிட்டது. ஒரு முறை பார்த்தார், மறுபடியும் பார்த்தார். “ரொம்ப ஜாஸ்தி. ஆம்புலன்சுக்கு போன் போடுங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரி போவணும்.”

“இப்பதான் ராகுகாலம் ஆரம்பிச்சிருக்கு, அது முடிஞ்சதும் போலாமேம்மா” என்றேன்.

“ஃபிட்ஸ் வந்தா ராகுகாலம் பாத்து வராது சார். தாய் புள்ள ரெண்டு பேருக்கும் ஆபத்து.”

அவ்வளவுதான் மச்சான். பெண் இல்லாமல் வளைகாப்பு நடந்த வீடு கடலூர் மாவட்டத்திலேயே என்னுடையதாகத்தான் இருக்கும். சாத வகைகளை மட்டும் வந்தவர்கள் குறைவைக்காமல் சாப்பிட்டார்கள். நான் ஆம்புலன்சில் ஒரு சீர்த்தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன், அதை இறக்கிவைக்கக்கூடத் தோன்றவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் வளையல் சத்தம் கேட்டது. சத்தம் நின்றபோதெல்லாம் அவள் முகத்தை எட்டிப் பார்த்தேன்.

பிரஷரை இறக்கி, மறுநாளே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பேத்தி. எடை கொஞ்சம் குறைவு, குரல் மட்டும் அப்படியே ஜான்சிக்கு. செம்மங்குப்பம் கம்பெனியிலிருந்து யூனிஃபார்மோடு ஓடிவந்த என் மகன் இளவரசு, பிள்ளையைப் பார்க்கும் முன்பே அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிடுகிறான். சேனை வைக்க நான் தேனோடு நீட்டிய கையை, “தாய்ப்பால் மட்டுந்தான் சார்” என்று அவர் தள்ளிவிட்டார். தாத்தாவுக்கு என்று இந்த நாட்டில் ஒரு உரிமையும் கிடையாதா?

உங்களுக்குக் கடலூரில் பெரிய அதிகாரிகளையெல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லி இவரை எங்காவது தூரமாக மாற்றச் சொல்லுங்கள். அக்கா அமிர்தத்துக்கு என் வணக்கம். நீங்களாவது நோய்நொடியும் நர்சும் இல்லாமல் நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
மணவாளன்

பி.கு.: உங்கள் தங்கை இப்போதுதான் போனில் பேசிவிட்டு வந்தாள். பிரசவத்துக்கு வந்திருக்கும் உங்கள் மகள் கனிமொழிக்குக் காலெல்லாம் வீக்கமாம், ‘அது வெறும் நீர்தான்’ என்று நீங்கள் சொன்னீர்களாம். எப்போது மச்சான் டாக்டருக்குப் படித்தீர்கள்? டிரான்ஸ்பர் பற்றி யாரிடமும் மூச்சுவிட வேண்டாம். ஜான்சியின் காலில் விழாத குறையாகக் கேட்டு, அவரை அடுத்த பஸ்ஸிலேயே உங்கள் வீட்டுக்கு ஏற்றிவிடுகிறேன். தபால் செலவு எதற்கென்று கடிதத்தையும் நன்றாக ஒட்டி அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். இப்போது உங்கள் எதிரில் நிற்பவர் அவர்தான். முகத்தில் எதையும் காட்டாமல் இதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.