படுத்துக்கொள்ள அனுமதி

லாங் ஐலண்ட், அந்தமான்
14-5-1967

போர்ட் பிளேர், டெய்ரி ஃபார்ம் பேட்டை மாமா அவர்களுக்கு,

மருமகன் உதயசூரியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மா நலம். நான் நலம். கோழிகள் நலம். அப்பாவைப் பற்றிக் கீழே.

வயிற்றில் புற்றுநோய். மூன்று மாதம் என்று பெரிய டாக்டர் சொல்லி ஒன்றரை மாதம் ஆகிறது. ஜெட்டியிலிருந்து மர டிப்போவுக்குத் தபால் பை சுமக்கும் வேலை இனி முடியாது, பென்ஷன் கொடுங்கள் என்று எழுதிப்போட்டோம். ஃபைல் உங்கள் ஆபீசில்தான். உங்களுக்கு இரண்டு மேசை தள்ளி, கிருஷ்ணமூர்த்தி சாரிடம்.

போர்ட் பிளேர் வந்து அவரைப் பார்த்தேன். நோய் நிரந்தரம்தானா என்று ஆறு மாதம் பார்த்த பிறகே பென்ஷன் என்றார். டாக்டர் மூன்று மாதம்தான் கொடுத்திருக்கிறார் என்றேன். யோசித்தார். நல்ல மனிதர்.

"அப்ப ஆறுல மிச்ச மூணு மாசத்துக்கு லீவு எழுதிக் குடுத்துடு தம்பி."

படிவத்தில், மீண்டும் வேலைக்கு வரும் தேதி என்று ஒரு கேள்வி. வரமாட்டார் என்று எழுதினேன். தேதி கேட்டால் தேதி எழுத வேண்டுமாம். ஆகஸ்ட் பதினைந்து என்று எழுதினேன். அன்று விடுமுறை என்று அடுத்த லாஞ்சுப் படகில் படிவம் திரும்பி வந்தது.

பிறகு நேரில் பார்க்க ஒரு டாக்டரை அனுப்பினார்கள். அப்பாவைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்தோம். லாஞ்ச் ஊதியது. பதினாறு வருடப் பழக்கம், எழுந்தார், துண்டைச் சும்மாடு கட்டினார், அம்மா கையைப் பிடித்தும் நிற்கவில்லை, ஜெட்டிக்குப் போய்ப் பையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். இறங்கிய டாக்டர் அவரிடமே, நோயாளி எங்கே என்று இந்தியில் கேட்டிருக்கிறார். "கர் மே ஹை, சாப்", வீட்டில் இருக்கிறார் என்று சொல்லி, மேடேறி வழி காட்டிக் கூட்டிவந்து, பையை இறக்கி வைத்துவிட்டு, அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டார்.

டாக்டர் பையைத் தூக்கிப் பார்த்தார். வேலைக்குத் தகுதி என்று எழுதினார்.

அதன் பிறகு அப்பா எழுந்திருக்கவே இல்லை. இது ஆறாவது நாள். கஞ்சியும் இறங்கவில்லை. இடம் காலியானால்தான் வேறு ஆள் போடுவார்கள். பென்ஷன் வந்தால்தான் இடம் காலி.

மாமா, உங்கள் அதிகாரியிடம் சொல்லுங்கள். டாக்டர் கைவிட்டவருக்கு அந்த ஒரு டாக்டரின் கையெழுத்தே போதும் என்று விதி வேண்டும். பதினைந்து நாளில் உத்தரவு வர வேண்டும். அப்பாவுக்காக மட்டும் கேட்கவில்லை. மர மில்லில் நாகமுத்துவுக்கு நுரையீரலில் இதே நோய். அவருடைய ஃபைல் இப்போதுதான் முதல் மேசைக்கு வந்திருக்கிறது.

உத்தரவு வந்தால் மெயின்லேண்ட் கப்பலில் இடம் கிடைக்கும். அங்கே வலிக்கு ஊசி உண்டு. அப்பா அதைக்கூடக் கேட்கவில்லை.

"படுத்தா தப்பில்லைன்னு ஒரு பேப்பர் வரட்டும்டா. அது போதும்."

அத்தைக்கும் ருக்குவுக்கும் எங்கள் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறைய அம்மா வேண்டிக்கொள்கிறாள்.

உதயசூரியன்

பி.கு. லாஞ்ச் ஊதிவிட்டது. அப்பா சும்மாடோடு வாசலில் நிற்கிறார். பையை நான் தூக்குகிறேன் என்றேன். கவர்மென்ட் பை, நீ தொடக் கூடாது என்கிறார். கடிதத்தைச் சீக்கிரம் ஒட்டித் தரச் சொல்கிறார். ஆபீசில் காட்டும்போது இந்தப் பகுதியைக் கிழித்துவிடவும்.