நாற்பத்தஞ்சு நிமிஷ ஆட்டம்

போன கார்த்திகையில நான் ஒரு சபதம் எடுத்தேன். ஊரு உலகமெல்லாம் அடுத்தவன் உண்டாக்குன ஆட்டத்தை ஆடுது. அபிராமம் காளிதாஸ் உண்டாக்குன ஆட்டத்தை ஊரு உலகம் ஆடணும். சபதத்தைக் கேட்ட என் சம்சாரம் நாகலெட்சுமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"மிளகாய்க்குக் களை வெட்டிட்டா, வெட்டாமலா?"

வெட்டிட்டுத்தான் உண்டாக்கினேன். ஆட்டத்துக்குப் பேரு 'கண்மாய்'. கட்டம் போட்ட அட்டை. தாயக்கட்டையை உருட்டணும், சீட்டு எடுக்கணும். மழைச்சீட்டு வந்தா கண்மாய் ஒரு படி ஏறும், வெயில் சீட்டு வந்தா இறங்கும். கண்மாய் நிறைஞ்சா மடை திறக்கும், வயல் விளையும், முதல்ல அறுக்கிறவன் ஜெயிச்சான். பெட்டியையும் நானே ஒட்டி, 'ஆட்ட நேரம்: 45 நிமிடம்'னு மேல கொட்டை எழுத்துல எழுதினேன்.

சித்திரையில மதுரையில ஒரு விளையாட்டு விழா. அங்கன நமக்கு ஒரு மேசை வேணும்னா ஒரு நிபந்தனை இருந்துச்சு. நம்மள மாதிரியே ஆட்டம் உண்டாக்குற மூணு பேரு விளையாடிப் பாத்து, குறையை எழுதிக் கையெழுத்துப் போடணும். ஒவ்வொரு குறைக்கும் பக்கத்துல 'சரிசெய்தாயிற்றா?'ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதை நாம நிரப்பணும். குறையே இல்லாத தாளை வாங்க மாட்டாகளாம்.

மூணு பேருக்கு எங்கன போறது? வாட்ஸ்அப்ல ஒரு குழு ஆரம்பிச்சேன். தொண்டி வரைக்கும் செய்தி விட்டேன்: 'ராம்நாடு கட்டம் குழு. உங்கள் கட்டத்தில் குறை இருக்கிறதா? சேர்ந்து பார்த்துச் சொல்வோம்.'

ஒரே நாள்ல நாப்பது பேரு சேந்தாக. அதுல முப்பத்தேழு பேரு மகளோட ஜாதகத்தை அனுப்பிட்டாக.

"செவ்வாய் எட்டுல இருக்குன்னு ஒருத்தரு அழுகுறாரு நாகு. என்ன சொல்லட்டும்?"

"ஒரு கட்டம் தள்ளி வைக்கச் சொல்லுங்க. காய் நகத்துறது உங்களுக்குத் தெரியாததா?"

ஜாதகக்காரக கோவிச்சுக்கிட்டுப் போனதும் மிச்சம் மூணு பேரு. தொண்டி இமானுவேலுக்கு ஐஸ் கம்பெனியில வேலை, கடல் சீட்டாட்டம் ஒன்னு பண்ணியிருந்தாரு. ராமநாதபுரம் நூர் நிஷா டீச்சரு வாய்ப்பாட்டை வச்சு ஒன்னு. உத்தரகோசமங்கை விவசாயி மருதுபாண்டியோடது ஆடு திருடுற ஆட்டம். மூணும் எனக்கு முழுசா விளங்கல. 'அருமை'ன்னு போட்டேன். என் ஆட்டத்தை அனுப்பினேன். 'அருமை', 'அருமைண்ணே', 'மாஷா அல்லாஹ், அருமை'ன்னு வந்துச்சு. ரெண்டு மாசத்துல முன்னூறு அருமை, ஒரு குறை கிடையாது. முகத்துக்கு நேரா குறை சொல்ற பழக்கம் நம்ம பக்கம் கல்யாணப் பந்தியில மட்டுந்தான் உண்டு.

விழாவுக்குத் தாள் அனுப்ப ரெண்டு நாள்தான் பாக்கி. ஞாயித்துக்கிழமை மூணு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஆனா பெரிய குறையாச் சொல்லிட்டா ரெண்டு நாள்ல சரிசெய்ய முடியாது, மேசை போயிருமே. அதுக்கும் ஒரு திட்டம் வச்சிருந்தேன்.

"நாகு, வந்ததும் இலையைப் போட்டுரு. வயிறு நிறையத் தின்ன வீட்டுல யாரும் பெருசாக் குறை சொல்ல மாட்டாக. அட்டை சின்னது, எழுத்து மங்கல்... அந்த மாதிரி எழுதிக் குடுத்தாப் போதும்."

"நான் ஒன்னு சொல்லட்டுமா?"

"நீ வீட்டு ஆளு. வீட்டு ஆளு சொல்றது செல்லாது. விழா விதி."

"சரிங்க"ன்னா.

அவ சரிங்கன்னு சொன்னா நான் உஷாராயிருக்கணும். கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷமாச்சு, இன்னும் பழகல.

பதினோரு மணிக்கு வந்தாக. இமானுவேலு நகரை மீனு கொண்டாந்தாரு. பன்னெண்டரைக்கெல்லாம் குழம்பு வாசம் தெருமுனை வரைக்கும் போச்சு. நான் கண்ணால சாடை காட்டினேன். நாகு என்னைப் பாக்கவே இல்ல. வந்தவகளப் பாத்துச் சிரிச்சா.

"ஆட்டம் முடியட்டும், சூடா இலை போடுறேன். முக்கா மணி நேரம்னுதான பெட்டியில போட்டிருக்கு?"

எழுதுனவன் நானு. அட்டையை விரிச்சேன்.

ஒரு மணிக்கு கண்மாய்ல ஒரு படி தண்ணி இருந்துச்சு. ரெண்டு மணிக்கும் அதே ஒரு படி. ரெண்டரைக்கு இமானுவேலு வயிறு கத்துனது எல்லாருக்கும் கேட்டுச்சு.

"அருமையாப் போகுதுண்ணே"ன்னாரு. குரலே எழும்பல.

"அவசரமில்ல, மெதுவா விளையாடுங்க. குழம்புதான் வத்துது"ன்னா நாகு, உள்ளருந்து.

மூணு மணிக்கு மருதுபாண்டி கையிலிருந்த சீட்டை அட்டை மேல எறிஞ்சாரு.

"ஏண்ணே, நாப்பது சீட்டுல மழை எத்தனை?"

"மூணு."

"கண்மாய் நிறைய எத்தனை வேணும்?"

"பன்னெண்டு."

"அப்பறம் எந்தக் காலத்துலண்ணே முடியும்?"

"நம்ம ராம்நாட்டுல மழை அம்புட்டுத்தானப்பா."

"ஐப்பசியிலகூடவா பேயாது? மனுசன் பட்டினி கிடக்கான்."

"தாயக்கட்டை எதுக்குன்னே தெரியல. பெட்டி மட்டும் நல்லாருக்கு"ன்னாக டீச்சரு. ஏறுன ஒரு படியையும் வெயில் சீட்டு குடிச்சிருதுன்னாரு இமானுவேலு. பத்து நிமிஷத்துல பதினாலு குறை. விட்டேனா? ஆடு திருடுற ஆட்டத்துல திருடன் மாட்டவே மாட்டேங்கிறான்னேன். மருதுபாண்டிக்குக் கோவம் வரல.

"இதைத்தாண்ணே ரெண்டு மாசமாக் கேக்கணும்னு கிடந்தேன்"னாரு.

சத்தியமாச் சொல்றேன், தலையிலிருந்து ஒரு மூட்டை வத்தலை இறக்குன மாதிரி இருந்துச்சு. ஆட்டம் முடியாதுன்னு எனக்கும் சந்தேகம்தான். அதைச் சொல்ல ஒரு ஆளு இல்லாமத்தான் தவிச்சிருக்கேன். அப்பவே மழைச்சீட்டைப் பதினெட்டாக்கினோம், வெயிலைக் குறைச்சோம், தாயக்கட்டையைத் தூக்கினோம். மறு ஆட்டம் அரை மணியில முடிஞ்சுச்சு. டீச்சரு ஜெயிச்சாக. இலை வந்துச்சு. யாரும் அருமைன்னு சொல்லல, குழம்பைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாக.

"ஆட்டம் முடியாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"ன்னு நாகுகிட்ட மெதுவாக் கேட்டேன்.

"பொங்கலுக்கு நானும் பக்கத்து வீட்டுப் பூமயிலும் ஆரம்பிச்சோம். இன்னும் முடியல."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"வீட்டு ஆளு சொல்றது செல்லாதுல்ல?"

மூணு பேரும் தாளை நிரப்பி, கையெழுத்துப் போட்டு நாகு கையில குடுத்துட்டு பஸ் ஏறுனாக. நான் வாங்கிப் படிச்சேன். பதினாலு குறையும் இருந்துச்சு. மூணு தாள்லயும் பதினஞ்சாவதா ஒன்னு: 'குழுவைக் காளிதாஸ் அண்ணன் நடத்துவது. இனிமேல் நாகலெட்சுமி அக்கா நடத்த வேண்டும்.'

இதுக்குப் பக்கத்துக் கட்டத்துல என்னத்த எழுதுறதுன்னு பாத்தேன். நாகு தன் கையெழுத்துல முன்னாடியே எழுதியிருந்தா: 'சரிசெய்தாயிற்று.'