அரையும் காலும்

"அரையையும் காலையும் கூட்டினா என்ன வரும்?" என்று வாத்தியார் கேட்டார்.

அந்த வீட்டுப் பெண் குழந்தைகள் இருவரில் பெரியவள் மின்விசிறியைப் பார்த்தாள். பென்சிலைக் கடித்தாள். "ஆறில் ரெண்டு சார்" என்றாள்.

"அரைங்கிறது பாதி. ஆறில் ரெண்டுங்கிறது பாதியை விடக் கம்மி. கூட்டின பிறகு எப்படிம்மா கம்மியாகும்?"

"தெரியல சார். எங்க வீட்ல எதைச் சேர்த்து வெச்சாலும் கம்மியாத்தான் ஆகுது."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். உண்மையில் ஓய்வு பெற்றது பள்ளிதான் என்று சொல்பவர்களும் உண்டு. அவர் காதில் விழும்படி யாரும் சொன்னதில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அவரை இந்தக் குழந்தைகளின் அம்மா தானே தேடி வந்து, "பெரியவளுக்குக் கணக்கே வரல சார், நீங்கதான் சாயந்திரத்துல வந்து காப்பாத்தணும்" என்று அழைத்திருந்தார். வாத்தியார் அதில் ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாள் ஏன் யாரும் வரவில்லை என்பதில்தான் அவருக்கு ஆச்சரியம்.

குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுப்பது பற்றி அவருக்குச் சில கொள்கைகள் உண்டு. தப்பாகச் சொல்லும் குழந்தையைத் திட்டக் கூடாது, அந்தத் தப்புக்குள் நுழைந்து பார்க்க வேண்டும் என்பது முதல் கொள்கை. வேலையில் இருந்த காலத்தில் அவரிடம் இந்தக் கொள்கை இல்லை, பிரம்பு இருந்தது. ஓய்வுக்குப் பிறகுதான் கொள்கைக்கு நேரம் கிடைத்தது.

கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும் என்று மறுநாள் ஓர் ஆப்பிளோடு வந்தார். இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை மறுபடியும் வெட்டி, அரையையும் ஒரே ஒரு காலையும் மட்டும் தட்டில் வைத்தார்.

"இதோ அரை. இதோ கால். ரெண்டையும் சேர்த்தா?"

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு காலை எடுத்துக்கொண்டு போயிற்று. பெரியவளின் தங்கை, ஐந்து வயசு, அங்கேதான் குடியிருந்தாள்.

"இப்ப அரைதான் சார் இருக்கு" என்றாள் பெரியவள்.

வாத்தியார் குனிந்து, அடுத்தவர் பொருளை எடுப்பது பற்றிச் சின்னவளுக்கு நீண்ட உரை ஒன்று ஆற்றினார். நிமிர்ந்தபோது தட்டில் எதுவும் இல்லை. பெரியவளின் கன்னம் உப்பியிருந்தது.

"இப்ப சைபர் சார்."

பின்னத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் சரியான விடை அதுதான்.

அடுத்த கொள்கை, பாராட்டு. பாராட்டினால் குழந்தைகள் மலர்வார்கள். பெரியவள் எதைச் சொன்னாலும் வாத்தியார், "பிரமாதம், கிட்டத்தட்ட வந்துட்டே" என்றார். பெரியவள் மலரவே செய்தாள். அதுவரை சரியாக வந்துகொண்டிருந்த ஏழாம் வாய்ப்பாடும் கையை விட்டுப் போயிற்று.

அந்த அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். "அவசரமே இல்ல சார். நிதானமாச் சொல்லிக் குடுங்க. இருட்டினப்புறம் கிளம்பினாக்கூடப் போதும்."

வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்தது. மார்க் எப்போது ஏறும் என்று கழுத்தைப் பிடிக்கும் பெற்றோரையே பார்த்துப் பழகியவர் அவர். கல்வி என்பது பொறுமை என்று புரிந்த ஒரு தாயை இப்போதுதான் சந்திக்கிறார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சோபாவில் காலை நீட்டியிருந்த மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"நீங்க மட்டும் விட்டுடாதீங்க. அந்தப் பொண்ணுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

மனைவியின் முகம் கொஞ்ச நாளாகவே தெளிவாக இருந்தது. தன் புதுக் கண்ணாடியின் பலன் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு வழி பாக்கி இருந்தது. கற்றுக் கொடுப்பவரே அதிகம் கற்றுக்கொள்கிறார் என்று எங்கேயோ படித்திருந்தார். தன் விஷயத்தில் அப்படி எதுவும் நடந்ததாக ஞாபகம் இல்லை. இருந்தாலும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

"இன்னைக்கு நீதான் டீச்சர். நான் உன்கிட்ட படிக்க வந்திருக்கேன். கேளு."

பெரியவள் தயங்கினாள். பிறகு ஸ்கேலைக் கையில் எடுத்தாள். "அரையும் காலும் கூட்டினா?"

"ஆறில் ரெண்டு டீச்சர்."

அவள் முகம் மாறியது. "கீழ இருக்கிற எண்ணை எதுக்குக் கூட்டினீங்க? அது துண்டோட அளவு. அளவைப் போய் யாராவது கூட்டுவாங்களா? முதல்ல அரையை ரெண்டு காலா மாத்துங்க. இப்ப மொத்தம் எத்தனை கால்?"

"மூணு டீச்சர்."

"அப்ப?"

"முக்கால் டீச்சர்."

பின்னத்தை இவ்வளவு அழகாக யாரும் நடத்தி அவர் கேட்டதில்லை, தான் நடத்தியது உட்பட. அவளை இன்னும் சோதிக்க நினைத்து, அடுத்த கணக்கில் வேண்டுமென்றே தப்பு செய்தார். பெரியவள் அவரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். அவர் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, அவள் அப்பா தன் ஆபீஸ் மேனேஜரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இவர்தான் சார், எங்க பொண்ணுக்கு டியூஷன் எடுக்கறவர்."

மேனேஜர் வாத்தியாரின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன பண்ணினாரு?"

"பின்னம்" என்றாள் பெரியவள்.

வாத்தியார் அதைப் பொருட்படுத்தவில்லை. தன் வழி ஜெயித்துவிட்டது. கிளம்பும்போது அந்த அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்: "உங்க பொண்ணுக்குக் கணக்கு வந்துடுச்சும்மா. இனிமே நான் வேண்டாம். இந்த வாரத்தோட நிறுத்திக்கலாம்."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லாப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் பெரியவளை முறைத்தார். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டில் மனைவியும் பதறினாள். "நிறுத்தவா? அல்ஜீப்ரா இருக்கே?"

இத்தனை வருஷ இல்லறத்தில் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. தன்னோடு வாழ்ந்ததில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்று வாத்தியார் மகிழ்ந்தார்.

மறுநாள் போய் உட்கார்ந்ததும் ஒரு பேச்சுக்காகக் கேட்டார். "அரையும் காலும்?"

பெரியவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள். "ஆறில் ரெண்டு சார்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

"நேத்து தெரிஞ்சது இன்னைக்கு இல்லன்னா, தப்பு உன்கிட்ட இல்லம்மா. இத்தனை வருஷமா நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பிள்ளைங்க தானாப் படிச்சுதுங்க போல. நான் நடுவுல நின்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

எழுந்து குடையை எடுத்தார். டீயோடு வந்த அந்த அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். வாத்தியார் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடியதைப் பார்த்ததும் பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போகாதீங்க சார். முக்கால் சார்."

"எனக்காகச் சொல்ற நீ."

"இல்ல சார், நிஜமாவே தெரியும். எட்டில் ஆறுன்னாலும் அதேதான். நூத்துக்கு எழுபத்தஞ்சுன்னாலும் அதேதான்."

வாத்தியார் ஒற்றைச் செருப்போடு திரும்பினார். "இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏம்மா தெரியாத மாதிரி இருந்தே?"

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா டீயைப் பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்து சின்னவள் தலையை நீட்டினாள்.

"அக்காதான் கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்டு தாத்தா. உங்க வீட்டுப் பாட்டிதான் அம்மாகிட்ட வந்து, 'சாயந்திரம் கொஞ்ச நேரமாவது எங்க வீடு அமைதியா இருக்கட்டும், அவரை உங்க வீட்ல வெச்சுக்கோங்க'ன்னு கெஞ்சினாங்க."