பேரம் பேசாத கல்யாண வீட்டுக்காரர்

பேரம் பேசாத வாடிக்கையாளரைத் தெய்வம் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அது சில வாரங்கள்தான் நீடித்தது.

அலோர் காஜாவில் எங்களுக்கு ஒரு புடவைக் கடை. வணிகத்தில் டிப்ளோமா முடித்த கையோடு கடைக்குள் நுழைந்த நான், கண்ணில் பட்டதையெல்லாம் நவீனமாக்கத் தொடங்கினேன். கார்டு மிஷின் வைக்கச் சொன்னதும் நான்தான். கடைக்கு வர முடியாதவர்கள் போனிலேயே கார்டு நம்பரைச் சொன்னால் போதும், நாமே அதை மிஷினில் அடித்துக்கொள்ளலாம் என்று நான் விளக்கியபோது அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன் சம்பளத்துலதான் புடிப்பேன்."

"தாராளமா புடிச்சுக்குங்கப்பா" என்றேன். (கார் வாங்க முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்த பெண் பேசுகிற பேச்சா இது?)

அந்த வாரமே போன் வந்தது. சுங்கை ரம்பாயில் மகளுக்குக் கல்யாணம், பன்னிரண்டு பட்டுப்புடவை வேண்டும் என்றது ஒரு கனிவான குரல்.

"என்ன கலர்ண்ணே?"

"நீங்களே பாத்துப் போடுங்க தங்கச்சி."

"வெலை வந்து..."

"அட, நீங்க சொன்னா சரிதான்லா."

எங்கள் கடையில் கைக்குட்டை வாங்குபவர்கூடப் பாதி விலைக்குக் கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பார். நான் சொக்கிப்போனேன். அவர் சொன்ன கார்டு நம்பரை அடித்ததும் மிஷின் மறுபேச்சில்லாமல் சீட்டைத் தள்ளியது. வங்கியே சரியென்று சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்?

அம்மா மட்டும் முகத்தைச் சுளித்தார். "கல்யாண வீட்டுலேர்ந்து ஒரு பொம்பளகூட வரலியா? பொடவைய விரிச்சுப் பாக்காம எப்படிலா வாங்குவாங்க?"

"இதும்மா இப்ப உள்ள பிசினஸ்."

புடவைகளை எடுத்துப்போக ஒரு டிரைவர் வந்தார். நான் மஞ்சள், குங்குமம், வெற்றிலைபாக்கு எல்லாம் வைத்து, மணமக்களுக்கு என் கைப்பட வாழ்த்து எழுதி, இன்னொரு புடவையையும் இலவசமாகச் சேர்த்து அனுப்பினேன்.

அடுத்த மாதம் வங்கி அந்தப் பணம் முழுவதையும் எங்கள் கணக்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அது திருட்டுக் கார்டு நம்பராம். பதறிப்போய் வங்கிக்குப் போன் செய்தேன்.

"அப்ப நஷ்டம் பேங்குக்குத்தானே?"

"இல்ல மிஸ். கார்ட நேர்ல பாக்காம வித்தா கடைதான் பொறுப்பு."

"கார்டுக்காரங்க?"

"அவங்களுக்குத் திருப்பிக் குடுத்தாச்சு."

"அப்ப பேங்குக்கு ஒன்னுமே இல்லியா?"

"இருக்கு மிஸ். இந்தக் கேச பாத்ததுக்கு நீங்க தனியா கட்டணம் கட்டணும்."

போலீஸ் நிலையத்துக்கும் போனேன். "பன்னிரண்டு புடவையா?" என்று கேட்டார் அதிகாரி. "பதிமூன்று. ஒன்று இலவசம்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்பா சொன்ன சொல் தவறாதவர். என் கார் முன்பணம் அன்றே கடைக் கணக்கில் சேர்ந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது, கூட்டம் நிறைந்த ஒரு சனிக்கிழமை, நியாலாசிலிருந்து ஒரு டீச்சர் புயலாக நுழைந்தார். அந்தக் கார்டுக்குச் சொந்தக்காரர். வங்கிக் கணக்கில் எங்கள் கடைப் பெயரைப் பார்த்து, நாங்கள்தான் திருடர்கள் என்று முடிவுகட்டி வந்திருந்தார்.

"என் கார்டுல பொடவ எடுத்து யாருக்குக் கட்டிவுட்டீங்க?"

"ஒங்களுக்குக் காசு திரும்பி வந்திருச்சே டீச்சர்!"

"காசு வந்துச்சு. அத்தன காசுக்கு எடுத்த பட்ட எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு என் வீட்டுக்காரரு அலமாரிய கொட்டித் தேடுனாரே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. "கார் வாங்க வச்சிருந்த காசெல்லாம் போச்சு டீச்சர்" என்று விக்கி விக்கி அழுதேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. டீச்சரின் முகம் இளகியது. உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தபடி, இலவசப் புடவை வரை முழுக் கதையையும் கேட்டார். கண் மெல்ல அலமாரிப் பக்கம் போனது.

"அந்தப் பச்சை என்ன வெலை?"

சொன்னேன்.

"திருடனுக்கே ஒன்னு சும்மா குடுத்தியாமே. எனக்குப் பாதி வெலைக்குக் குடுக்கக் கூடாதா?"

கொடுத்தேன். வேறு வழி? அன்று ஆரம்பித்தது, இன்றுவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் டீச்சர் தவறாமல் வருகிறார், அதே நியாயத்தைச் சொல்லிப் பாதி விலைக்கு எடுத்துப் போகிறார். அவர் கார் வாசலில் நின்றதும் அப்பா கல்லாவிலிருந்து குரல் கொடுப்பார்: "ஒன் திருடன் ஒரே தடவதான்மா வந்தான். டீச்சரப் பாரு, வருசம் தவறாம வர்றாங்க!" கடையே சிரிக்கும், என்னைத் தவிர.

போன தீபாவளிக்கு டீச்சர் கூடவே ஒரு அம்மாளையும் அழைத்து வந்தார்.

"இவ என் தங்கச்சி. அந்தக் கணக்குல இவளுக்கும் ஒரு கார்டு இருந்துச்சு, பாவம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"ரெண்டு பேருக்கும் கொறச்சுப் போடும்மா. ஒன் சம்பளந்தானே."