பின்னறையில் நீங்கள் இறக்கிவிட்டுப் போன பவுடர் மெஷின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. நீங்களும் மகளுமாவது நலமாக இருங்கள்.

"ரெண்டே நாள் மாமா, புது வீட்டுல இடம் ஒதுக்கினதும் எடுத்துக்கிறேன்" என்று சொல்லி மெஷினை எங்கள் பின்னறையில் இறக்கிவிட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. நீங்கள் அங்கிருந்து கம்ப்யூட்டரில் படத்தை அனுப்புகிறீர்கள், படத்தில் இருப்பதை இந்த மெஷின் நிஜப் பொருளாகவே அச்சடித்துவிடுமாம். அது இங்கே காகிதக் கனத்துக்குப் பவுடரைப் பரப்பி, வேண்டிய இடத்தில் பசையைச் சொட்டி, மறுபடி பவுடர், மறுபடி பசை என்று எட்டு மணி நேரம் முனகுகிறது. முடிந்ததும் எட்டிப் பார்த்தால் பெட்டி நிறையப் பவுடர்தான். பொருள் உள்ளே புதைந்திருக்கிறதாம், தோண்டி எடுக்க வேண்டுமாம். பவுடர் பறக்கும், ஃபேன் போடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுகிறேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்று கேட்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேளுங்கள். உங்கள் வாடிக்கையாளருக்கான சின்ன மாடி வீட்டு மாடல் முடிந்திருந்தது. "சுத்தம் பண்ணி வைங்க மாமா" என்று ஃபோனில் சொன்னீர்கள். நான் உங்கள் அத்தையிடம் சொன்னேன். பிரஷ்ஷால் மெல்லத் தட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பெட்டியோடு தூக்கிப்போய்க் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பட்டால் இறுகிப்போகிற பவுடர் அது. அரை மணி நேரத்தில் வீடு, பவுடர், பெட்டி எல்லாம் ஒரே பாறை! சுத்தியலால் தட்டினேன், சுத்தியலின் பிடிதான் கழன்றது. இப்போது அந்தப் பாறையைப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு எதைக் கண்டாலும் கழுவ வேண்டும், சொன்னால் மண்டையில் ஏறாது.

என் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து எடுக்காவிட்டால் மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவேன். மாமனார் இப்படி எழுதிவிட்டாரே என்று வருந்த வேண்டாம். இருவரும் நோய்நொடி இல்லாமல், தும்மல்கூட இல்லாமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மூச்சுவிட இடமில்லாத
உங்கள் மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுறேன். தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். பெட்டியைக் கழுவினது நான் இல்ல, உங்க மாமாதான். அந்த அறைக்குள்ள என்னை எங்க விடுறாரு? பிரஷும் கையுமா அவரே உட்கார்ந்து தோண்டுறாரு, சாப்பிடக் கூப்பிட்டா, "இரு, கூரை தெரியுது"ங்கிறாரு. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாங்க, ஆனா மெஷினை எடுக்க வேண்டாம்; நாலு மூட்டை பவுடர் கொண்டுவாங்க. வேலையில இருந்து ஓய்வு வாங்கின இந்த மூணு வருஷத்துல, இப்பத்தான் மனுஷன் நான் எழுப்பாமலே காலையில எழுந்திருக்கிறாரு.